ஏற்றத்தில் எஞ்சின் திக்கினால்: பம்ப் மாற்றுவதா, ஸ்கேன் பண்ணுவதா, கேஜ் கட்டுவதா, கொழும்புக்கு இறக்குவதா?

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வண்டி 1998 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். கண்டிப் பக்கம் ஓடும்போது ஒரு குறையும் இல்லையாம். புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏறும்போதுதான் வில்லங்கம். முன்னால் போகும் கொழுந்து லொறியை ஓவர்டேக் பண்ண மூன்றாம் கியரில் மிதித்தால் இரண்டு நொடி நன்றாக இழுக்கிறது, அப்புறம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்த மாதிரி அமர்ந்துவிடுகிறது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் போகிறது. எதிரே பஸ் வரும் வளைவில் அந்த நொடி எவ்வளவு நீளம் என்று மலையகத்தில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கராஜ் பாஸ் "பெற்றோல் பம்ப் போயிட்டுது, மாத்துங்க" என்கிறார். இன்னொருவர் எஞ்சினுக்குள் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவச் சொல்கிறார். மூன்றாமவர் கொழும்புக்கு இறக்கி டைனோவில், அதாவது வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு எஞ்சினை அளக்கும் மேடையில், ஏற்றச் சொல்கிறார். கையில் இருக்கும் காசு இவற்றில் ஒன்றுக்குத்தான் போதும். எதைச் செய்வது?

இதே கேள்வி ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வேறு வேறு கார்களின் பெயரில் வந்துகொண்டே இருக்கிறது. காரணமும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே எல்லோரும் தேய்த்து ஓட்டினோம். 25 வயது தாண்டிய இம்ப்ரெசாவும் மிட்சுபிஷி எவோவும் டொயோட்டா அல்டெஸாவும் இன்னும் அதே பழைய பம்ப், அதே பழைய வயரிங்கோடு ஏற்றம் ஏறுகின்றன. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்காக நிறுத்திவைத்த வண்டிகளும், கேனில் சேர்த்த பெற்றோலை ஊற்றிய வண்டிகளும் இவற்றில் உண்டு.

## மலையில் மட்டும் ஏன்?

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "உயரம் கூடினால் காற்று குறைவு, அதுதான் திக்குது" என்ற பதிலோடு ஏமாந்துவிடுவோம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அங்கே சோம்பலாகத்தான் இருக்கும். ஆனால் சோம்பல் வேறு, திக்கல் வேறு. சோம்பல் ஒரே சீராக இருக்கும். திக்கல் என்பது வந்துகொண்டிருந்த இழுவை அறுந்து, மறுபடி வருவது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காற்று குறைந்தால் எஞ்சின் கேட்கும் பெற்றோலும் குறைகிறது. அப்படியென்றால் பலவீனமான பம்ப் கொழும்பில்தானே முதலில் சிக்க வேண்டும்? சிக்குவதில்லை, ஏனென்றால் கொழும்புத் தெருவில் முழு மிதியில் ஐந்து நொடிக்கு மேல் யாராலும் ஓட முடியாது. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கோ, கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கோ ஏறும்போது இரண்டாம், மூன்றாம் கியரில் நிமிடக்கணக்காகப் பாரம் இழுக்கிறோம். வளைவுக்கு வளைவு டேங்க்கில் பெற்றோல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. மெதுவாக ஏறுவதால் எஞ்சின் அறையில் காற்றோட்டமும் குறைவு. அழுத்தம் குறைந்த இடத்தில் பெற்றோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். பாரம், சாய்வு, சூடு மூன்றும் சேர்ந்து வருவது மலையில்தான். ஆகவே இந்தக் கோளாறை மலையிலேயே வைத்துப் பிடிப்பதுதான் சரி என்பது என் கட்சி. கீழே உள்ள ஒவ்வொரு வழியையும் அந்தக் கண்ணால்தான் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, அந்த வழி எதை எதிலிருந்து பிரித்துக் காட்டும் என்பது. பம்ப், பில்டர், பெற்றோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், வயரிங், இன்ஜெக்டர் எல்லாமே ஓட்டுகிறவருக்கு ஒரே திக்கலாகத்தான் தெரியும். இரண்டாவது, திக்கல் வரும் அதே நேரத்தில், அதே ஏற்றத்தில் அதைச் செய்ய முடியுமா. மூன்றாவது, உங்கள் வண்டியின் வயதுக்கு அது பொருந்துமா. நான்காவது, பில்லில் எழுதாத செலவு.

ஐந்தாவதுதான் பெரியது: சோதிக்கும்போதே எஞ்சின் போய்விடாதா? டர்போ எஞ்சின் பூஸ்ட்டில், அதாவது டர்போ காற்றை அமுக்கித் தள்ளும் நேரத்தில், பெற்றோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறி நொக் அடிக்கும், அதாவது பெற்றோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கும். சுபாருவின் இஜே20 எஞ்சினில் அப்படிப் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்த கதைகள் ஏராளம். "இன்னும் ஒருதரம் மிதிச்சுப் பாப்போம்" என்று பத்துத் தடவை மிதிப்பது சோதனை இல்லை.

## அதற்கு முன், காசில்லாமல் மூன்று

டேங்க்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி அதே ஏற்றத்தில் ஓடுங்கள். திக்கல் காணாமல் போனால், கால் டேங்க்கில் வளைவு எடுக்கும்போது பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. இம்ப்ரெசா, எவோ போன்ற நாலு சில்லு இழுவை வண்டிகளில் டேங்க் குதிரைச் சேணம் மாதிரி இரண்டு பள்ளமாக இருக்கும். ஒரு பள்ளத்திலிருந்து மற்றதுக்குப் பெற்றோலை இழுத்துக் கொடுக்கும் சின்ன ஜெட் அடைத்தால், டாஷ்போர்ட் கேஜில் பெற்றோல் இருக்கும், பம்ப்புக்கு இருக்காது. ஹட்டனில் ஒரு எவோவுக்கு இரண்டு கராஜ் ஏறி இறங்கிய பிறகு, சம்பள நாளில் டேங்க்கை நிரப்பியபோதுதான் இது தெரிந்தது. மாதக் கடைசியில் மட்டும் வரும் நோய் என்று வீட்டில் சிரித்தார்களாம்.

அடுத்தது, 92 அடித்து ஓடுகிறீர்கள் என்றால் டேங்க்கை ஓடித் தீர்த்து 95 அடித்துப் பாருங்கள். ஜப்பானில் இந்த டர்போ வண்டிகளுக்குச் சொல்லியிருப்பது அங்குள்ள ஹை ஒக்டேன் பெற்றோல். 92இல் நொக் அடிப்பதைச் சென்சர் கேட்டவுடன் எஞ்சின் கணினி டைமிங்கை, அதாவது பிளக் பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். அதுவும் திக்கல் மாதிரியே இருக்கும், ஆனால் பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெற்றோல் லைனிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு சுத்தமான ஜாம் போத்தலில் அரை மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு பிரிந்து நிற்கும். துரு இருந்தால் தேயிலைத் தூள் மாதிரிப் படியும். பனியும் மழையுமான ஊரில் அரை டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டிக்கு இது கட்டாயம்.

## வழி 1: மாற்றிப் பார்ப்பது

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். பம்ப் மாற்று, போகவில்லையா, பில்டர் மாற்று, போகவில்லையா, இன்ஜெக்டர். பாஸ்மாரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கூலிக்கு வேலை செய்கிறவருக்கு ஒரு மணித்தியாலம் யோசிக்க யாரும் காசு கொடுப்பதில்லை, மாற்றினால்தான் கொடுக்கிறோம்.

இந்த வழியில் நானே நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன். என் பழைய இம்ப்ரெசாவுக்கு ஒரு கராஜில் பம்ப் மாற்றினார்கள். இரண்டு கிழமை சுகமாக ஓடி, மறுபடி திக்கியது. "பார்ட்ஸ் சரியில்லை" என்று இன்னொரு பம்ப். அதுவும் அப்படியே. கடைசியில் நானே பின் சீட்டுப் பக்கம் கழற்றி, பம்ப் ஓடும்போது அதன் முனையில் மீற்றரை வைத்துப் பார்த்தேன். பற்றரியில் 13.8 வோல்ட், பம்ப்பில் 10.9. பொடியில் முறுக்கியிருந்த எர்த் வயரின் காது பச்சை பிடித்து, சுரண்டினால் தூளாகக் கொட்டியது. புதுப் பம்ப் கொஞ்ச நாள் அந்தக் குறையைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். சரிபண்ண ஒரு துண்டு வயரும் ஒரு துண்டு எமரித் தாளும் போதுமாக இருந்தன. இரண்டு பம்ப் காசு போனது போனதுதான்.

இங்கே மறைந்த செலவு பாகத்தின் விலை மட்டுமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கும் பாவித்த பம்ப்புக்கு வயது தெரியாது. பெயர்போன ஹை ஃப்ளோ பம்ப்புகளுக்குப் போலி தாராளமாக வருகிறது; பெட்டியையும் எழுத்தையும் பார்த்து ஏமாறலாம். பெரிய பம்ப்பைப் பழைய வயரில் கொடுத்தால் அது இழுக்கும் கூடுதல் கரண்டில் வோல்ட் இன்னும் விழும். மிச்சப் பெற்றோல் டேங்க்குக்குத் திரும்பும் லைனும் ரெகுலேட்டரும் சின்னதாக இருந்தால் ஐட்லிங்கில் அழுத்தம் கூடிப் புகை தள்ளும்.

ஆனாலும் இதுவே சரியான வழியாக இருக்கும் நேரங்கள் உண்டு. பில்டர் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அதேபோல நண்பர் ஒருவரிடம் அதே மாடல் வண்டி இருந்தால் பம்ப் ரிலேயை ஒரு நாள் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

## வழி 2: ஸ்கேனர்

வண்டியின் கணினிச் செருகியில் மாட்டும் புளூடூத் டொங்கிள் ஒன்று ஒரு டேங்க் பெற்றோலைவிட மலிவு. போனில் ஆப் போட்டால் ஓடும்போதே எண்கள் வரும். "ஸ்கேன் பண்ணினேன், கோட் ஒன்றுமில்லை" என்று நிறையப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கோட் முக்கியமில்லை. பார்க்க வேண்டியது ஃப்யூவல் டிரிம்.

டிரிம் என்பது கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை வீதம் பெற்றோல் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதற்கான எண். ஒன்றிரண்டு வீதம் முதல் ஐந்து வரை பிரச்சினையில்லை. பத்தைத் தாண்டினால் எங்கேயோ குறை. இருபது, இருபத்தைந்துக்குப் போனால்தான் பி0171 (பெற்றோல் குறைவு) என்ற கோடே விழும், அதாவது கோட் வருவதற்கு முன்பே டிரிம் கதை சொல்லிவிடும். ஐட்லிங்கில் டிரிம் அதிகமாக இருந்து, 2,500 சுற்றில் குறைந்தால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, பெற்றோலைத் தேடாதீர்கள். ஐட்லிங்கில் சரியாக இருந்து, பாரம் கூடக் கூட டிரிம்மும் கூடினால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சர் அழுக்கேறிக் குறைத்துச் சொல்கிறது. இந்த இரண்டையும் ஸ்கேனரால் மட்டும் பிரிக்க முடியாது.

பழைய டர்போ வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. முழு மிதியில், பூஸ்ட்டில், கணினி ஒட்சிசன் சென்சரைக் கேட்பதை நிறுத்திவிட்டு தனக்குள் எழுதிவைத்த மேப்பில் இருக்கும் கணக்கிலேயே ஓடும். அப்போது டிரிம் அசையாது. திக்கல் வரும் அந்த நொடியில்தான் டிரிம் குருடாக இருக்கும். அந்த நேரத்தில் பழைய வகை ஒட்சிசன் சென்சரின் வோல்டைப் பார்க்கலாம்: முழு மிதியில் 0.85க்கு மேல் நிற்க வேண்டும். 0.2க்கு விழுந்தால் உடனே காலை எடுங்கள், பெற்றோல் போகவில்லை.

அடுத்த சிக்கல், டொங்கிள் உங்கள் வண்டியோடு பேசுமா என்பது. ஜப்பானில் புது மாடல்களுக்கு டொங்கிள் பேசும் பொது மொழி (ஓபிடி) கட்டாயமானது 2008இல்தான். 1998 இம்ப்ரெசாவில் செருகும் இடம் இருக்கும், பதில் வராது. பழைய சுபாருவுக்கும் மிட்சுபிஷிக்கும் தனி மொழி, அதற்கான கேபிளும் மடிக்கணினியும் வேண்டும். பழைய ஹொண்டாவில் இரண்டு முனைச் செருகியை வயரால் இணைத்தால் செக் லைட் மின்னி மின்னிக் கோட் சொல்லும். அதில் டிரிம் கிடையாது.

புது வண்டிகளில் கதை தலைகீழ். 1.0 லீட்டர் டர்போ சிவிக் போன்ற நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம் நூறு பாருக்கு மேல் போகும்; பார் என்பது அழுத்தத்தின் அளவு. அதில் வெளிக் கேஜ் கட்டுவது பைத்தியக்காரத்தனம், தோலைத் துளைத்துவிடும். கணினி கேட்ட ரெயில் அழுத்தம், கிடைத்த அழுத்தம் என்ற இரண்டு எண்களையும் ஏற்றத்தில் பதிவு செய்யுங்கள். கிடைத்தது கேட்டதைவிடச் சரியத் தொடங்கும் நொடியும் திக்கும் நொடியும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வண்டிகளுக்கு ஸ்கேனர்தான் முதல் வழி.

## வழி 3: பிரஷர் கேஜ் கட்டி ஏற்றத்தில் ஓடுவது

பழைய இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தம்பிக்கும் இதையே சொன்னேன்.

பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் சோதனை வால்வு இருக்காது. பில்டருக்கும் ரெயிலுக்கும் நடுவே டி துண்டு போட வேண்டும். பம்ப் பியூஸைக் கழற்றி எஞ்சினைச் சுற்றவிட்டு அழுத்தத்தை இறக்கிவிட்டே ஹோஸைத் தொடுங்கள். சாதாரண ரப்பர் குழாய் ஆகாது, இன்ஜெக்ஷன் ஹோஸும் அதற்கான கிளிப்பும் வேண்டும். கேஜை பொனட் இடுக்கால் வெளியே எடுத்து, வைப்பருக்கு அடியில் கண்ணாடியோடு டேப்பால் ஒட்டுங்கள். பெற்றோல் உள்ள எந்தக் குழாயும் கெபினுக்குள் வரவே கூடாது. தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும், கேஜைப் பார்க்க இன்னொருவர்.

எண்கள் இப்படி. திரும்பும் லைன் உள்ள பெரும்பாலான எஞ்சின்களில் ரெகுலேட்டரின் வக்கியூம் குழாயைக் கழற்றினால் ஏறத்தாழ 3 பார். குழாயைப் போட்டால் ஐட்லிங்கில் 2.3, 2.5க்கு இறங்கும். இங்கே மலைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று: நுவரெலியாவில் வெளிக் காற்றழுத்தமே குறைவு என்பதால் வக்கியூமும் குறைவாகத் தெரியும், ஆகவே ஐட்லிங் அழுத்தம் கொழும்பில் காட்டுவதைவிட ஒரு 0.2 பார் கூடுதலாக நிற்கும். கொழும்பில் எழுதிய கணக்கை வைத்து "ரெகுலேட்டர் பழுது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குழாயைக் கழற்றிப் பார்க்கும் 3 பார் எந்த ஊரிலும் 3 பார்தான்.

பூஸ்ட்டில் கணக்கு இன்னும் எளிது. பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெற்றோல் அழுத்தமும் ஏற வேண்டும். ஒரு பார் பூஸ்ட்டுக்குக் கேஜில் 4. அங்கே 3.2 காட்டினால் இன்ஜெக்டருக்கு உண்மையில் கிடைப்பது 2.2 பார் தள்ளுதல்தான். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போவதால் பெற்றோல் ஏறத்தாழ 14 வீதம் குறைகிறது. டர்போ எஞ்சினைக் கெடுக்க அது தாராளம்.

அப்புறம், முள் எப்படி விழுகிறது என்பதைப் பாருங்கள். எண்ணைவிட அதுதான் அதிகம் சொல்லும்:

- மிதித்தவுடன் ஏற வேண்டியது ஏறாமல் 3இலேயே நின்றால் ரெகுலேட்டர், அல்லது அதன் வக்கியூம் குழாயில் வெடிப்பு.
- ஏறி நின்று, சில நொடிகளில் மெதுவாக வழிந்து, காலை எடுத்ததும் திரும்பினால் பம்ப், பில்டர், டேங்க்குக்குள் பம்ப்பின் அடியில் இருக்கும் வலைப்பை, அல்லது வோல்ட். மீற்றரை எடுத்துப் பம்ப்பில் வோல்ட் பாருங்கள். 13க்குப் பக்கத்தில் இருந்தால் வயரிங்கை விட்டுவிடலாம்.
- வளைவில் மட்டும் முள் குதித்துக் குதித்து விழுந்தால் டேங்க்கில் சாய்வு.
- தேநீர் குடிக்க நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து எடுக்கும்போது மட்டும் முள் நடுங்கினால் ஆவி. சாவியை இரண்டு தடவை ஓன் பண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்தால் குறைகிறதா என்று பாருங்கள்.
- முள் அசையவே இல்லை, ஆனால் எஞ்சின் திக்குகிறது: பெற்றோல் அழுத்தத்தில் குறையில்லை. கொயில், பிளக், காற்றளவு சென்சர், இன்ஜெக்டர் பக்கம் போங்கள்.

கடைசி வரிக்காகவே இந்த வழி காசுக்குத் தகும். பாதிப் பேரை இது பம்ப் வாங்குவதிலிருந்து காப்பாற்றும். காது உள்ளவர்களுக்கு இன்னொரு குறிப்பு: கரண்ட் பக்கத்துத் திக்கல் கன்னத்தில் அறைந்த மாதிரி டக்கென்று வெட்டும், பெற்றோல் பக்கத்துத் திக்கல் மெத்தென்று அமரும்.

மறைந்த செலவு: டி துண்டும் நல்ல ஹோஸும் தேடி அலையும் நேரம், கூட வர ஒரு நம்பிக்கையான ஆள், தீ அபாயம். ஒழுகலைக் கையாண்டு பழக்கமில்லாதவர் தானாகச் செய்ய வேண்டாம். கராஜில் கட்டச்சொல்லி, பாஸையும் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள். ஏற்றத்தை அவர் கண்ணால் பார்ப்பதற்கே தனிப் பெறுமதி உண்டு.

## வழி 4: இன்ஜெக்டர் கழற்றி பெஞ்சில் சோதிப்பது

அழுத்தம் சரியென்று தெரிந்த பிறகு செய்தால் இது அருமையான வழி. அதற்கு முன் செய்தால் வீண்.

நாலு இன்ஜெக்டரையும் கண்ணாடிக் குழாய்களுக்கு மேல் வரிசையாக மாட்டி, ஒரே நேரம் திறந்து, எது எவ்வளவு நிரப்புகிறது என்று பார்ப்பார்கள். மூன்று சமமாக இருந்து ஒன்று விரலளவு தாழ்ந்து நின்றால் கண்ணாலேயே தெரியும். ஸ்கேனரோ கேஜோ இதைக் காட்டாது, ஏனென்றால் அவை எஞ்சின் முழுவதின் சராசரியைத்தான் பார்க்கின்றன. நாலில் ஒரு சிலிண்டர் மட்டும் பெற்றோல் குறைந்து ஓடுவது டர்போவில் ஆபத்தான நிலை. பிளக் நாலையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் இந்த வழிக்கு நேரே போகலாம்.

கழுவுவதற்கு முன் ஒரு அளவு, கழுவிய பின் ஒரு அளவு என்று இரண்டையும் எழுதித் தரச்சொல்லுங்கள். முன்னளவு இல்லாமல் கழுவித் தருகிறவரிடம், நோய் அதில்தான் இருந்ததா என்று ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாது. எவோ போன்ற வண்டிகளில் குறைந்த தடை கொண்ட இன்ஜெக்டர். அதை நேரே 12 வோல்ட்டில் கொடுத்துத் திறந்தால் சுருள் கருகிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓ-ரிங்கும் சீலும் புதிதாக வேண்டும். பழையதையே அமுக்கிப் போட்டால் வரும்போது இல்லாத காற்றொழுகல் திரும்பும்போது இருக்கும், சிலவேளை பெற்றோல் ஒழுகலும்.

போத்தலில் போட்டு ஊற்றும் "இன்ஜெக்டர் கிளீனர்" பற்றிக் கேட்கிறார்கள். இலேசான படிவுக்கு உதவும். துருத் தூளுக்கு உதவாது; அதற்கு ஊற்றாமல் விட்டால் நேரம் மிச்சம்.

## வழி 5: கொழும்புக்கு இறக்கி டைனோ, வைட்பேண்ட்

வைட்பேண்ட் சென்சர் காற்று பெற்றோல் விகிதத்தை நேராகவே சொல்லும். சாதாரண ஓட்டத்தில் 14.7, பூஸ்ட்டில் 11க்கும் 12க்கும் இடையில். அங்கே 13ஐத் தாண்டினால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நல்ல டைனோவில் பாரத்தை ஒரே இடத்தில் பிடித்துவைத்து, பக்கத்தில் ஒருவர் பெற்றோல் அழுத்தத்தையும் நொக்கையும் பார்த்துக்கொண்டிருப்பார். எஞ்சினுக்குப் பாதுகாப்பான வழி இதுதான், ரோட்டில் ஓடும் மற்றவர்களுக்கும்.

குறை என்னவென்றால், டைனோவில் வண்டி வளைவதில்லை. டேங்க் சாய்வதில்லை. வழமையான ஒரு ஓட்டம் பத்துப் பதினைந்து நொடியில் முடிந்துவிடும், ஆகவே ரம்பொடை ஏற்றத்தின் இருபது நிமிடச் சூடு அங்கே வராது. கடல் மட்டக் காற்று. "இங்கே நல்லாத்தானே ஓடுது" என்ற பதிலோடு திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். போகவரப் பெற்றோல், ஒரு நாள் வேலை, தங்க இடம், ஓடாத வண்டியானால் காரியர் லொறி வாடகை எல்லாம் இதன் மறைந்த செலவு.

கணினியை மாற்றி டியூன் பண்ணிய வண்டிகளுக்கு இதுவே முதல் வழி. ஆனால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. த்ரொட்டில் திறப்பை மட்டும் வைத்துக் கொழும்பில் எழுதிய மேப், காற்றழுத்தத் திருத்தம் இல்லாமல் நுவரெலியாவுக்கு வந்தால் பெற்றோல் கூடிக் கறுப்புப் புகையோடு திக்கும். ஏப்ரல் சீசனில் மஹகஸ்தோட்டை ஏற்றப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு இது பழைய பாடம்; அந்தப் போட்டி 1934 முதல் நடக்கிறது. அப்படியான திக்கலுக்குப் பெரிய பம்ப் போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | பிரித்துக் காட்டுவது | தெரியாமல் போவது | ஏற்றத்திலேயே செய்யலாமா | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| மாற்றிப் பார்ப்பது | ஒன்றுமில்லை, அதிர்ஷ்டம் இருந்தால் தீரும் | காரணம் | ஆம் | இரண்டாம் தடவை வாங்கும் பாகம், போலி |
| ஸ்கேனர் | காற்றொழுகலா, பெற்றோல் குறைவா. புது வண்டியில் ரெயில் அழுத்தம் | பழைய டர்போவில் பூஸ்ட் நேரம் | ஆம் | பழைய வண்டிக்குத் தனிக் கேபிள் |
| பிரஷர் கேஜ் | பெற்றோல் பக்கமா இல்லையா. சாய்வு, ஆவி, ரெகுலேட்டர் | ஒற்றை இன்ஜெக்டர் | ஆம், இதற்காகவே | டி துண்டு, ஹோஸ், இன்னொரு ஆள், தீ |
| இன்ஜெக்டர் பெஞ்ச் | எந்தச் சிலிண்டர் | பம்ப், வயரிங் | இல்லை | ஓ-ரிங், வண்டி நிற்கும் நாட்கள் |
| டைனோ | விகிதம், நொக், டியூன் பிழை | சாய்வு, நீண்ட ஏற்றத்தின் சூடு | இல்லை | பயணம், ஒரு நாள் |

## யாருக்கு எது

2008க்குப் பிறகு வந்த வண்டி, கணினியில் யாரும் கைவைக்கவில்லை: ஸ்கேனரில் தொடங்குங்கள். நேரடி இன்ஜெக்ஷன் என்றால் ரெயில் அழுத்தப் பதிவோடுதான் கராஜுக்கே போக வேண்டும்.

பழைய டர்போ, கம்பனி கணினி: கேஜ். அதோடு ஒரு மீற்றர்.

டர்போ இல்லாத பழைய சிவிக், அல்டெஸா போன்றவை: பில்டரை மாற்றிவிட்டு, போகாவிட்டால் கேஜ். பெற்றோல் குறைவால் இவற்றின் எஞ்சின் சட்டென்று உடைவது அரிது, கொஞ்சம் பொறுமையாகத் தேடலாம்.

டியூன் பண்ணிய வண்டி: டைனோ. ஆனால் போவதற்கு முன் மலையில் கேஜ் கட்டி ஓடி, எந்தச் சுற்றில், எத்தனை பூஸ்ட்டில், டேங்க் எவ்வளவு இருக்கும்போது, எந்த இடத்தில் திக்கியது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டைனோக்காரர் ஒரு மணித்தியாலத்தில் தேடுவதை அந்தத் தாள் பத்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

தம்பியின் வண்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேஜ் கட்டினோம். டேங்க் நிரம்ப 95. தம்பி ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். பனி விலகாத நேரம் என்பதால் கண்ணாடியில் ஒட்டிய முள்ளைப் பார்க்க நான் குனிந்துகொண்டே வந்தேன். வக்கியூம் குழாயைக் கழற்றி நிறுத்திப் பார்த்தபோது 3 பார், ஒரு குறையும் இல்லை. ரம்பொடை தாண்டி மூன்றாம் கியரில் மிதித்தார். முள் 3.7 வரை ஏறி நின்றது. ஒன்று, இரண்டு எண்ணினேன். அப்புறம் யாரோ கயிற்றைத் தளர்த்திய மாதிரி 3.4, 3.1.

"தம்பி, எடுங்க காலை!"

"அண்ணே, பம்ப்தானே?"

பம்ப்பில் வோல்ட் 13.2. வயரிங் இல்லை. பில்டர் மூன்று மாதத்துக்கு முன் மாற்றியதற்கு பில் இருந்தது. பம்ப்பைத் தூக்கி வெளியே எடுத்தபோது அதன் அடியில் இருந்த வலைப்பை தேயிலைச் சாயத்தில் ஊறிய துணி மாதிரிக் கறுத்து, பம்ப்போடு ஒட்டிச் சுருங்கியிருந்தது. இழைக்கு இழை துருச்சேறு. கொஞ்சம் கேட்டால் கொடுக்கும், நிறையக் கேட்டால் தானே ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். 2022இல் அந்த வண்டி எட்டு மாதம் கால் டேங்க்கோடு கொட்டகையில் நின்றது என்பதை அப்போதுதான் சொன்னார்.

டேங்க்கை இறக்கிக் கழுவி, புது வலைப்பை போட்டு, அதே பம்ப்பைத் திரும்ப மாட்டியிருக்கிறோம். சேற்றோடு இரண்டு வருடம் உறிஞ்சிய பம்ப், எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கேஜை இன்னும் கழற்றவில்லை. இந்தக் கிழமை மறுபடி அதே ஏற்றம், 3.7இல் பத்து நொடி நின்றால் பம்ப் காசு அவர் பையிலேயே இருக்கும்.